ஓகே சொல்லும் வாய்

திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சோறு போடுவது ஓகே என்கிற ஒரே ஒரு ஆங்கில வார்த்தைதான். அது வந்தால் கீழேயிருந்து காபி வரும். வராவிட்டால் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏதாவது ஒரு பதிலுக்காகப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த நிமிஷமே திருப்பிப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்களும் எங்கள் ஆள்தான். உங்களை மாதிரி ஆட்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

வரன் தேடி வந்த வேலை

எங்கள் மையம் திருச்சி தென்னூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. நான் அங்கே வேலை கேட்டுப் போகவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் பதிந்து வைக்கலாம் என்று அப்பாதான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். முதலாளியின் மனைவி சரோஜா அக்கா என் விவரங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் விரல் கீபோர்டு முழுக்க ஊர்வலம் போனது. பார்க்கப் பொறுக்காமல், நான் அடிக்கட்டுமா என்று கேட்டேன். என் உயரம், நிறம், நட்சத்திரம் எல்லாவற்றையும் நானே அடித்து முடித்தேன். வரன் வரும்வரை வீட்டில் சும்மா இருப்பதற்கு இங்கே வந்து உட்காரேன் என்றார் அக்கா. வரன் வரும்வரை என்றுதான் பேச்சு. இப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டார் ஓகே என்று எங்களுக்குச் சொன்னால் அதை மறு வீட்டாருக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும். நல்ல சேதியைச் சுமங்கலி வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு. முகம் கழுவி, குங்குமம் வைத்து, ஒரு கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்து நின்றுதான் அவர் போன் செய்வார். பேசி முடித்ததும் கல்கண்டு டப்பா எல்லோருக்கும் சுற்றி வரும். இல்லை என்று பதில் வந்தால், ஜாதகம் அமையலைங்க என்று சொல்வது என் வேலை. அதற்குக் கல்கண்டு கிடையாது. அக்கா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் தூக்கில் ரசம் கொண்டுவருகிறவர். ஆனால் அந்த ஓகேயை ஒரு வீட்டுக்காவது என் வாயால் சொல்ல வேண்டும், ஒருவராவது அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷமாக எனக்கு ஆசை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தப்பா எடுத்துக்காதம்மா வசந்தி. எல்லாத்தையும் நீ பாரு, இந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லிக்கிறேன்.”

எழுத்துக்கூட்டல்

வாயால் சொல்ல முடியாவிட்டாலும் அந்த வார்த்தையைப் படிப்பதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. வாட்ஸ்அப்பில் வருகிற ஓகேயின் எழுத்துக்கூட்டலை வைத்தே யார் அனுப்பியது என்று சொல்லிவிடுவேன். ஓ, கே என்று இரண்டு பெரிய எழுத்தும், நடுவில் ஒரு புள்ளியும் இருந்தால் ரிட்டயர் ஆன அப்பா. நான்கு எழுத்தையும் ஒழுங்காகப் போட்டிருந்தால் காலேஜில் பாடம் எடுக்கிற பெண். கடைசியில் ஒய்க்கு முன்னால் ஏ-வுக்குப் பதிலாக ஈ வந்தால் துறையூர்ப் பக்கம் கடை வைத்திருக்கிறவர். கே என்ற எழுத்து ரயில் பெட்டி போல நீண்டுகொண்டே போனால் மாப்பிள்ளைக்குத் தங்கை இருக்கிறாள், போன் அவள் கையில் இருக்கிறது. ஓகே என்று எழுதி அதற்குப் பின்னால் வரிசையாகப் புள்ளி வைத்திருந்தால் அந்த வீட்டில் இன்னும் சண்டை முடியவில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள் அனுப்புவது தனி ரகம். வெறும் கே, அவ்வளவுதான். உறையூரிலிருந்து ஓர் அம்மா, நாங்கள் அனுப்பிய பெண் போட்டோவுக்கு மகன் அனுப்பிய பதிலை நேரிலேயே எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். இது சம்மதமா, இல்லை ஏதாவது தப்பாகக் கைபட்டு வந்துவிட்டதா என்பது அவருடைய சந்தேகம். சம்மதம்தான், அவசரத்தில் ஓ-வை விட்டுவிட்டார் என்று சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “பத்து மாசம் அவனை நான் சுமந்தேனே, அவனால ஒரு ஓ-வைச் சுமக்க முடியலையாம்மா?”

சாம்பார்

எழுத்து பரவாயில்லை, வாயால் வருகிற ஓகேதான் கஷ்டம். போனை வைக்கவும் ஓகே, உடம்பு எப்படி இருக்கிறது என்றாலும் ஓகே, அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கவும் ஓகே ஓகே. சும்மா தலையாட்ட வேண்டிய இடத்திலெல்லாம் நாம் இதைப் போட்டு வைத்திருக்கிறோம். அதனால் பெண் ஓகே என்று சொன்னால் நான் உடனே எழுதிக்கொள்ள மாட்டேன். இன்னொரு தடவை கேட்பேன்.

கே.கே. நகரில் ஒரு பெண். பாங்கில் வேலை. பையனைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் போனில் எப்படி என்றேன். ஓகே என்றாள். ஓகேன்னா சரின்னு சொல்லிடலாமா என்றேன். அவள் சொன்னாள்: “எங்கம்மா வைக்கிற சாம்பாருக்கும் ஓகேன்னுதான் சொல்றேன். அதுக்காக அதைக் கல்யாணம் பண்ணிக்க முடியுமாக்கா?”

உத்தர வீதி மாமா

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலிருந்து ஒரு மாமா தன் பெண்ணுக்குப் பதிந்திருந்தார். பெண் ஹைதராபாத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு ஓகே என்ற வார்த்தையே ஆகாது. நான் போனில் தப்பித்தவறி அதைச் சொல்லிவிட்டால், ஸ்கூட்டர் ரிப்பேர் பண்றவா சொல்ற வார்த்தையம்மா அது, விவாகத்துக்கு ஸம்மதம்னு சொல்லணும் என்று திருத்துவார். நானும் மறக்காமல் ஸம்மதம் என்றே பேசப் பழகினேன். ஒரு நல்ல இடம் வந்தது. மாமா வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பையன் வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

அவர்கள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். மாமா காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்வார். தகவல் உண்டா என்பார். இல்லை மாமா என்பேன். பெருமாள் பார்த்துப்பார் என்று வைத்துவிடுவார். அவர் குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. இல்லை என்று சொல்கிற என் குரலும்தான். வைகாசி முடியப் போகிற சமயத்தில் ஒரு நாள், வழக்கமாகக் கேட்கிறதைக்கூடக் கேட்காமல் நேராகச் சொன்னார்: “அம்மா, அவா ஸம்மதம்னுகூடச் சொல்ல வேண்டாம். ஓகேன்னாவது சொல்லச் சொல்லேன்.”

என் நம்பர்

நல்ல சேதி எல்லாம் அக்காவின் போனிலிருந்தும், மற்றதெல்லாம் என் போனிலிருந்தும் போவதை ஜனங்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கா கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பார்கள். நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு நாள் பூக்கடைக்கு எதிரே என்னைப் பார்த்த காட்டூர் அம்மா ஒருவர், நான் சிரிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். அது லால்குடி போகிற பஸ். காட்டூருக்கு அது போகாது.

மறுநாள் அவரே போன் செய்து மன்னிப்புக் கேட்டார். லால்குடிப் பாதையில் பாதி தூரம் போய் இறங்கி, மறுபடி பஸ் பிடித்து வீடு சேர்ந்தாராம். நான் ஒன்றும் சொல்ல வரவில்லை, பூ வாங்கத்தான் நின்றேன் என்றேன். அவர் சொன்னதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. “உன் மேல ஒண்ணும் இல்லை தாயி. உன் முகத்தைப் பாத்தாலே இல்லைன்னு காதுல கேக்குது.”

பச்சைமலை பஸ்

பச்சைமலையில் மரவள்ளி போடுகிற ஒரு பெரியவர் தன் மகளுக்குப் பதிந்திருந்தார். மகள் நர்ஸ் படித்துவிட்டுத் திருச்சியிலேயே வேலை பார்க்கிறாள். அவர் ஊரில் போன் எடுக்காது. அதனால் பதில் தெரிய வேண்டுமென்றால் மலையிலிருந்து இறங்கி, துறையூர் வந்து, அங்கிருந்து சத்திரம் வந்து, தென்னூர் மாடி ஏறி வருவார். ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். பெரம்பலூர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து அன்று காலையில்தான் ஓகே வந்திருந்தது. அக்கா கரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மேளச் சத்தத்தில் அவர் போனை எடுக்கவே இல்லை.

என்னிடம் சேதி இருக்கிறது, எதிரே அதற்காகவே வந்த மனிதர் இருக்கிறார், நான் வாயைத் திறக்கக் கூடாது. இந்த மாதிரி ஒரு வதையை நீங்களும் எங்காவது பட்டிருப்பீர்கள். மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர் மத்தியானமே கிளம்பியாக வேண்டும். நான் டீ வரவழைத்தேன். பிறகு வடை வரவழைத்தேன். ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அக்கா எடுக்கவில்லை. பெரியவர் நிதானமாக வடையைத் தின்று முடித்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அக்கா வந்துதான் சொல்லுவாங்க என்று நான் இழுத்தேன். அவர் சிரித்தார். “நீங்க சொல்ல வேணாம்மா. போன தடவ இல்லைன்னு சொன்னப்ப தண்ணிதான் குடுத்தீங்க, இன்னிக்கி வடை வாங்கித் தரீங்க. நான் போயிட்டு வரேன்.”

மிகப் பழைய வாடிக்கையாளர்

எங்கள் மையத்தின் மிகப் பழைய வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் என் அப்பாவைத்தான் காட்ட வேண்டும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கும்பகோணத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. கேசரி நன்றாக இருந்தது என்றார்கள். வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்றார்கள். பையன் என்னிடம் ஸ்ரீரங்கத்தில் கொசு ஜாஸ்தியா என்று கேட்டார். ஊருக்குப் போய்ச் சொல்றோம் என்று கிளம்பினார்கள். அவர்கள் போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தப் பையனுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அவர்கள் ஓகே என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதனால் அப்பாவின் கணக்கில் பதில் இன்னும் வரவில்லை. அவர்களுக்குப் பிறகு வந்து பார்த்துப் போனவர்களுடைய பதிலும் அதே வரிசையில்தான் நிற்கிறது. சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பும்போது அப்பா வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பதில்தான் வந்துவிட்டதோ என்று தோன்றும். காட்டிக்கொள்ளாமல் செருப்பைக் கழற்றுவேன். அவர் போனை என்னிடம் நீட்டுவார். “சிக்னல் சரியா இருக்கான்னு பாரும்மா. வந்த கால் ஏதாவது வராமப் போயிருக்கப் போகுது.”

பாலக்கரை சேவியர்

சேவியர் என்பவர் பாலக்கரையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். வயது நாற்பத்து மூன்று. தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்து, படுத்த படுக்கையாக இருந்த அம்மாவையும் கடைசிவரை பார்த்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தபோது தலையில் நரை வந்திருந்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்கள் அனுப்புகிற எல்லாப் பெண்ணுக்கும் அவரிடமிருந்து ஓகே வந்துவிடும். எழுத்துக்கூட்டலில் ஒரு விசேஷமும் இல்லை, சின்ன எழுத்து இரண்டு. இல்லை என்று சொல்வது எப்போதும் எதிர்ப்பக்கம்தான். அந்த இல்லையை அவரிடம் சேர்ப்பது நான்தான். மற்றவர்களிடம் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். கத்தோலிக்கர்களுக்கு ஜாதகம் கிடையாது, பொய் சொல்ல ஒரு கிரகம்கூட அகப்படாது. வயது கொஞ்சம் கூட என்று நினைக்கிறார்கள், சொந்தத் தொழில் என்று யோசிக்கிறார்கள் என்று உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

போனில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நேரில் வந்துவிடுவார். கேட்டுவிட்டு உடனே கிளம்பவும் மாட்டார். ஒரு தடவை எங்கள் டேபிள் ஃபேனைக் கழற்றிச் சரி செய்தார். ஒரு தடவை என் கைப்பையின் ஜிப்பை. வேளாங்கண்ணிக்குப் போனால் பொரி கொண்டுவருவார். ஸ்ரீரங்கத்தில் தண்ணீர் வருகிறதா, அப்பாவுக்கு மூட்டு வலி எப்படி என்று கேட்பார். சனிக்கிழமை மட்டும் நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போவதை அப்பா கவனித்தாரோ என்னவோ, நான் கவனித்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை கதையும் சுற்றி வந்தேன்.

அவர் படிவத்தில் கத்தோலிக்கப் பெண் என்று இருந்தது. என் படிவத்தில் அப்பா சொல்லி நான் அடித்தது என்ன என்று உங்களுக்கே தெரியும். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற வீட்டுக்கும், புரட்டாசி சனிக்கிழமையில் பெருமாளுக்குத் தளிகை போடுகிற வீட்டுக்கும் நடுவே எங்கள் மையத்தில் பாலம் கிடையாது. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது மட்டும், இன்றைக்கும் அவருக்கு இல்லை என்று ஆனதில் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்க்கும். உடனே வெட்கமாக இருக்கும். ஒரு சனிக்கிழமை மணப்பாறைப் பெண் வீட்டாரின் மறுப்பைச் சொல்லிவிட்டு நான் தலை குனிந்து நின்றேன். அவர்தான் என்னைத் தேற்றினார். “விடுங்க வசந்தி. வேற யாராவது சொன்னா வலிக்கும். நீங்க சொல்றப்ப அவ்வளவா தெரியலைங்க.”

கல்கண்டு டப்பா

போன தை மாதம் அக்கா மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லில் இருந்து ஓகே வந்தது. பெண் டீச்சர், கத்தோலிக்கக் குடும்பம், முப்பத்தெட்டு வயது. நான்கு எழுத்தும் ஒழுங்காக இருந்தன. பின்னால் ஒரு புள்ளிகூட இல்லை. சேவியருக்கான ஓகே அது. அக்காவைக் கூப்பிட்டேன். மகளை உள்ளே கொண்டு போயிருக்கிறார்கள் போல, போன் அணைந்து கிடந்தது. சனிக்கிழமை காலையிலும் அப்படித்தான். மத்தியானம் படியில் சேவியரின் செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா வரட்டும் என்று இருந்துவிட்டால் எனக்கு இன்னொரு சனிக்கிழமை கிடைக்கும். வழக்கம்தானே, யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. டீ வரவழைத்தேன். அவர் குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். இன்னைக்கும் இல்லைதானே, சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் என்றார். வருத்தப்படாதவர் மாதிரி சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவர் படி இறங்கிப் போவதை என்னால் பார்க்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

“ஓகே சொல்லிட்டாங்க,” என்றேன்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. முகம் கழுவவில்லை, குங்குமம் இல்லை, எந்தத் திசையில் நின்றேன் என்றுகூடத் தெரியவில்லை. அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இதை நான் சொல்லக் கூடாதுங்க, சுமங்கலி வாயாலதான் சொல்லணும், அக்கா வந்து முறைப்படி சொல்லுவாங்க, நான் சொன்னதை மறந்துடுங்க என்று உளறினேன். அவர் எழுந்து போய் அக்காவின் மேஜையிலிருந்து கல்கண்டு டப்பாவை எடுத்து வந்தார். திறந்து முதலில் என்னிடம் நீட்டினார். நான் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அது கரைவதற்குள் அழுகை வந்துவிடக் கூடாது என்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது. அவர் டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இத்தனை தடவை இல்லைன்னு சொன்ன வாய்ங்க இது. ஒரு நல்லது நடந்தா அதையும் இந்த வாயாலதான் கேக்கணும்னு நினைச்சிருந்தேன். அதான் சனிக்கிழமை சனிக்கிழமை நேர்ல வந்தேன்.”

அக்கா பேத்தியோடு திரும்பி வந்து, கிழக்கே பார்த்து நின்று முறைப்படி அவருக்கு இன்னொரு முறை சொன்னார், திண்டுக்கல்லில் கல்யாணமும் ஆயிற்று. நான் இன்றைக்கும் அப்பாவின் போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன், ஓகே எந்த எழுத்துக்கூட்டலில் வந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.